உலர்காற்றுக்குப் பொறுப்பு யார்?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் விலையுயர்ந்த ஆய்வுக் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் உண்டு. அறைக் கதவில் அவர் பெயர் இருக்கும்; முன்பதிவுத் தாளில் அவர் ஒப்பம் இருக்கும். ஆனால் அக்கருவிக்குள் செல்லும் அழுத்தக் காற்றுக்கு அப்படி ஒருவர் இருப்பது அரிது. கம்ப்ரசர் பொறியியல் பிரிவின் கணக்கில் இருக்கும். குழாய் கட்டடப் பராமரிப்பின் கணக்கில் இருக்கும். கருவி துறையின் கணக்கில் இருக்கும். காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் ஏர் டிரையரோ இம்மூன்றுக்கும் இடையே, எவருடைய கணக்கிலும் முழுமையாகச் சேராமல் நிற்கும். டிரையர்கள் பழுதாவதற்கு வால்வும் வடிகட்டியும் காரணங்கள்தாம். எனினும் அந்தப் பழுதுகள் மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கிடப்பதற்கு இந்தப் பொறுப்பின்மையே காரணம். இதைச் சரிசெய்யாமல் உதிரிப்பாகங்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

சிக்கலின் இயற்பியல் எளியது. ஓர் இடத்தில் எவ்வளவு நீராவி தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. அங்குள்ள காற்றின் அழுத்தம் அன்று. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி தங்கும். சென்னையிலோ கொச்சியிலோ கொல்கத்தாவிலோ அந்த வெப்பநிலையில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் ஒரு நாளில், கம்ப்ரசர் உள்ளிழுக்கும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அழுத்தமானி 7 பார் காட்டும் அளவுக்கு அக்காற்றை அமுக்கினால், எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடங்கும். அதனுடன் 190 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீரும் வந்து சேரும். அமுக்கும்போது சூடேறிய காற்று மீண்டும் 30 டிகிரிக்குத் தணிந்ததும் அந்த இடத்தில் தங்கக்கூடியது 30 கிராம் மட்டுமே. எஞ்சிய 160 கிராமுக்கு மேற்பட்ட நீராவி நீராக இறங்கியே தீர வேண்டும்.

நிமிடத்துக்கு 500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் சிறிய கம்ப்ரசர் ஒன்று அத்தகைய நாளில் எட்டு மணி நேரம் இடைவிடாது ஓடினால், ஏறத்தாழ 5 லிட்டர் நீர் டிரையரை அடையும் முன்பே பிரிந்துவிடும். அதை வெளியேற்றுவது குளிர்விப்பானிலும் காற்றுத் தொட்டியின் அடியிலும் உள்ள டிரெயின் வால்வுகளின் வேலை. அதன் பிறகும் காற்று உலர்ந்துவிடுவதில்லை. இன்னும் ஒரு டிகிரி குளிர்ந்தாலும் நீர் விடும் நிலையிலேயே அது டிரையருக்குள் நுழைகிறது. அதனுடன் மணிக்கு 115 கிராம் அளவில் நீராவி செல்கிறது. கம்ப்ரசர் அறை காற்றோட்டமின்றிப் புழுங்கி, காற்று 40 டிகிரியில் வெளிவந்தால் இந்த அளவு 200 கிராமை எட்டும். பத்து டிகிரி வேறுபாட்டில் டிரையரின் சுமை இரு மடங்கை நெருங்குகிறது. கம்ப்ரசர் அறையின் சன்னல் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது ஆய்வு முடிவுகளைத் தொடும் செய்தி என்று சொன்னால் சிரிப்பு வரலாம். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

டிரையரின் திறனைச் சொல்லப் பயன்படும் அளவு ‘பனிநிலை’. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்குமோ, அந்த வெப்பநிலையே அக்காற்றின் பனிநிலை. அழுத்தத்தில் உள்ள காற்றுக்கு இதை அளக்கும்போது அழுத்தப் பனிநிலை என்பர். காற்றைக் குளிரூட்டி நீரைப் பிரிக்கும் டிரையர்கள் பொதுவாக 3 டிகிரி பனிநிலையைத் தரும். நீரை ஈர்த்துக்கொள்ளும் மணிகள் நிரப்பிய இரட்டைக் கோபுர டிரையர்கள் மைனஸ் 40 டிகிரி வரையும் அதற்குக் கீழும் செல்லும். அழுத்தக் காற்றின் தூய்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 8573-1 தரநிலையில், நீரைப் பொறுத்தவரை முதலது நான்காம் வகுப்பு, பின்னது இரண்டாம் வகுப்பு.

இந்திய ஆய்வகங்களில் இந்தப் பனிநிலைக்குத் தனிப் பொருள் உண்டு. கம்ப்ரசர் கட்டடத்துக்கு வெளியே தகரக் கொட்டகையில் நிற்கிறது. கருவி 20 டிகிரிக்குக் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறது. டிரையர் செயலிழந்த நாளில், 30 டிகிரி பனிநிலையுள்ள காற்று கொட்டகையிலிருந்து புறப்படுகிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்து பார்ப்பவருக்கு அது உலர்ந்த காற்றாகவே தோன்றும். அதே காற்று குளிரறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கன மீட்டரும் 13 கிராம் நீரைக் கழற்றிவிடுகிறது. பழுது வெளியே இருக்கிறது. நீர் உள்ளே விழுகிறது. கொட்டகையைப் பார்ப்பவர் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். அறையில் இருப்பவர் வேறு பிரிவைச் சேர்ந்தவர். ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று இருவருமே மனச்சான்றுடன் சொல்ல முடியும்.

அந்த நீர் கருவிக்குக் கருவி வேறு விதமாகத் தன்னைக் காட்டும். ரியோமீட்டர் போன்ற கருவிகளின் சுழல்தண்டு உலோகத்தின் மேல் அமர்வதில்லை. மெல்லிய காற்றுப்படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே நீரும் எண்ணெயும் சேர்ந்தால் தாங்கி கெடும்; அதற்கு வெகு முன்பே, குறைந்த முறுக்குவிசையில் எடுக்கும் அளவீடுகள் சந்தேகத்துக்கு உரியவை ஆகும். என்எம்ஆர் கருவியில் மாதிரிக் குழாயை உயர்த்தவும் இறக்கவும் சுழற்றவும் காற்று தேவை. ஈரமும் எண்ணெயும் கலந்த காற்று அதன் உள்ளுறுப்புகள் வரை செல்லும். எஃப்டிஐஆர் கருவியின் உட்புறத்தை உலர்காற்றால் நிரப்பாவிட்டால் நீராவியின் கோடுகள் நிறமாலையில் ஏறும். ஈரத்தை ஈர்க்கும் பொட்டாசியம் புரோமைடால் ஆன ஒளிபிரிப்பான் மங்கும். திரவ வண்ணப்படிவியலுடன் இணைந்த நிறைமாலைமானிக்கு நைட்ரஜன் தரும் ஜெனரேட்டர்கள் அழுத்தக் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரிக்கின்றன. நீரும் எண்ணெயும் அவற்றின் கரிச் சல்லடையைப் பாழாக்கும். இவற்றில் எந்த இடத்திலும் ‘டிரையர் பழுது’ என்ற எச்சரிக்கை வராது. அளவீட்டில் ஒரு சிறு இரைச்சல், ஒரு நகர்வு, மீண்டும் செய்தால் வேறொரு எண்: இப்படித்தான் வரும். மாணவர் தம் மாதிரியைச் சந்தேகிப்பார். வழிகாட்டி மாணவரைச் சந்தேகிப்பார். காற்றைச் சந்தேகிப்பவர் கடைசியில்தான் வருவார்.

இதில் மிகுதியாக ஏமாற்றுவது டிரையரின் முகப்பில் எரியும் பச்சை விளக்கு. குளிரூட்டும் வகையைச் சேர்ந்த சிறிய டிரையர்கள் பலவற்றில் முகப்பில் தெரியும் எண், உள்ளே குளிரூட்டப்படும் பகுதியின் வெப்பநிலை மட்டுமே. வெளியேறும் காற்றின் ஈரத்தை அது அளப்பதில்லை. உள்ளே காற்று 3 டிகிரிக்குக் குளிர்கிறது, நீர் பிரிகிறது. ஆனால் டிரெயின் வால்வு துருவாலும் எண்ணெய்ப் பிசுக்காலும் அடைபட்டிருக்கிறது. பிரிந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, காற்றோடு சேர்ந்து மீண்டும் குழாய்க்குள் செல்கிறது. முகப்போ தொடர்ந்து 3 என்றே காட்டிக்கொண்டிருக்கும். விளக்கு பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அது விடை சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே விளக்கை நம்பும் பராமரிப்பு பராமரிப்பே ஆகாது. டிரெயினின் சோதனைப் பொத்தானை அழுத்தி நீர் வெளிவருகிறதா என்று கண்ணால் பார்ப்பதே பராமரிப்பு. நீராவி மிகுந்த பருவத்தில் எட்டு மணி நேரம் ஓடியும் டிரெயினிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால், அது நல்ல செய்தி அன்று.

பழுது தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எளியதில் தொடங்கிக் கடினமானதில் முடிப்பதே அந்த ஒழுங்கு. டிரையரைச் சுற்றிச் செல்லும் பைபாஸ் வால்வு மூடியிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. முந்தைய பழுதுபார்ப்பின்போது திறந்த வால்வை மூட மறந்திருப்பது அரிய நிகழ்ச்சி அன்று. அடுத்து டிரையர் உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்ததும் கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கி, டிரையர் மட்டும் கையால் இயக்கப்படக் காத்திருக்கும் அமைப்புகள் உண்டு. மூன்றாவது, டிரெயின்கள்: தொட்டியடி, வடிகட்டியடி, டிரையரடி என ஒவ்வொன்றும். நான்காவது, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் தகடுகள். வட இந்தியக் கோடையின் புழுதியில் அவை சில வாரங்களிலேயே கம்பளம் போர்த்தியதுபோல் ஆகிவிடும். தூரிகையாலோ குறைந்த அழுத்தக் காற்றாலோ அவற்றைத் தூய்மை செய்ய அரை மணி நேரம் போதும். ஐந்தாவது, நுழையும் காற்றின் வெப்பநிலையும் அளவும் டிரையரின் திறனுக்குள் இருக்கின்றனவா என்பது.

இவ்வைந்தும் சரியாக இருந்தும் நீர் வந்தால்தான் குளிரூட்டும் வாயு கசிந்துவிட்டதா, வெப்ப வாயுவைத் திருப்பிவிடும் வால்வு நிலைதவறிவிட்டதா என்ற கேள்விகளுக்குப் போக வேண்டும். அந்த வால்வு தவறினால் உள்ளே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கி நீர் பனிக்கட்டியாக உறையும். காற்றழுத்தம் மெல்லக் குறையும்; டிரையரை நிறுத்திய சிறிது நேரத்தில் பனி உருகி நீர் மொத்தமாக வரும். இந்தக் கட்டத்தில் பயிற்சி பெற்ற குளிரூட்டித் தொழிலாளரை அழைப்பதே முறை. ஆய்வு மாணவர் ஸ்பானருடன் இறங்குவது துணிவாகாது. அழுத்தம் வெளியேற்றப்படாத எந்த இணைப்பையும் எவரும் கழற்றக் கூடாது என்பதும் இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

இரட்டைக் கோபுர டிரையரின் நோய்கள் வேறு. ஒரு கோபுரம் காற்றை உலர்த்தும்போது மற்றது, உலர்ந்த காற்றில் ஒரு பங்கைப் பெற்றுத் தன் ஈரத்தை வெளியேற்றிக்கொள்ளும். வெப்பமூட்டி இல்லாத வகையில் இப்பங்கு 7 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஈரம் வெளியேற்றும் கோபுரத்தின் அழுத்தமானி ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டாவிட்டால், வெளியேறும் வழியிலுள்ள ஒலியடக்கி மணித்தூளால் அடைபட்டிருக்கலாம்; கோபுரங்களை மாற்றிவிடும் வால்வு கசியலாம். மணிகளைக் கொல்லும் மற்றொரு பகை எண்ணெய். ஈரத்தை இழந்து மணிகள் மீளும். எண்ணெய் பூசிய மணிகள் மீள்வதில்லை. ஆகவே டிரையருக்கு முன்னால் எண்ணெய் வடிகட்டி கட்டாயம். பின்னால் தூசு வடிகட்டி கட்டாயம். முன்வடிகட்டியை மாற்றும் செலவை மிச்சப்படுத்துபவர், சில மாதங்கள் கழித்துக் கோபுரத்தின் மணிகள் முழுவதையும் மாற்றும் செலவை ஏற்றுக்கொள்கிறார்.

இவை எவற்றிலும் மறைபொருள் ஏதுமில்லை. கையேடுகளில் எழுதியிருப்பவையே. அப்படியிருந்தும் ஏன் நடப்பதில்லை? விடையின் ஒரு பகுதி, டிரையரின் அருகே கம்பியில் தொங்கும் லாக் புத்தகத்தில் கிடைக்கும். நாள், நேரம், ஒப்பம், அவற்றுக்கு நடுவே ‘ஓ.கே.’ என்ற சொல். அடுத்த நாளும் ‘ஓ.கே.’. ஆண்டு முழுவதும் ‘ஓ.கே.’. கருவி நின்றுபோன நாளுக்கு முந்தைய நாளும் ‘ஓ.கே.’தான். மொழியைக் கருதுபவர்கள் இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது டிரையரின் நிலையைப் பற்றிய வாக்கியம் அன்று. ‘வந்து பார்த்தேன், என் மேல் குற்றமில்லை’ என்று எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் அது. பதிவேடு அவரிடம் கேட்டதும் அதைத்தான். நுழைவுக் காற்றின் வெப்பநிலை என்ன, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் என்ன, டிரெயினிலிருந்து எவ்வளவு நீர் வந்தது, அதில் எண்ணெய் தெரிந்ததா என்று கேட்டிருந்தால் எண்களும் சொற்களும் வந்திருக்கும். எண்கள் வரிசையாக நிற்கும்போது நேற்றுக்கும் இன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வடிகட்டியில் அழுத்த இழப்பு வாரந்தோறும் ஏறிவருவது தெரியும். நூறு ‘ஓ.கே.’க்கள் வரிசையாக நின்றாலும் எதுவும் தெரியாது.

பகுதி விடை இன்னொன்றும் உண்டு. டிரையரை நாள்தோறும் பார்ப்பவர் எந்த மொழியில் சிந்திக்கிறாரோ அந்த மொழியில் கையேடு இல்லை, படிவமும் இல்லை. அவர் தமிழில், இந்தியில், வங்காளத்தில், தெலுங்கில் சிந்திக்கிறார். டிரெயின் வழக்கமாகத் திறக்கும் ஓசை இன்று மாறியிருப்பதை அவர் காது அறிந்திருக்கிறது. குழாயைத் தொட்டுப் பார்த்து, நேற்றைவிடச் சூடு என்பதை அவர் கை அறிந்திருக்கிறது. இவை அளவீட்டுக்கு முந்தைய அறிவு. பழுது தேடலில் பல வேளைகளில் முதலில் உதவும் அறிவு. இதை எழுதுவதற்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கட்டம் இல்லை. எழுதினாலும் ஆங்கிலத்தில் பிழை வருமோ என்ற தயக்கம் இருக்கிறது. எனவே அவ்வறிவு வாய்மொழியாகவே நிற்கிறது. அவர் வேறிடத்துக்குப் போகும் நாளில் அவருடனேயே போய்விடுகிறது. இது மொழிப்பற்றைப் பற்றிய பேச்சு அன்று. பதிவேட்டில் ‘டிரெயின் சத்தம் மாறிவிட்டது, தண்ணீர் பழுப்பாக வருகிறது’ என்று அவர் தம் மொழியில் ஒரு வரி எழுத இடம் இருந்தால், ஒரு கருவி தப்பியிருக்கும் என்பதைப் பற்றிய பேச்சு.

அதேபோல் ‘பிரஷர் டியூ பாயிண்ட்’ என்பதை ஒரு பெயராக மட்டும் அறிந்திருப்பதற்கும், அது எந்த வெப்பநிலையில் குழாய்க்குள் நீர் விழும் என்பதைச் சொல்லும் எண் என்று அறிந்திருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெயரை மட்டும் அறிந்தவர் முகப்பில் 3க்குப் பதிலாக 12 தெரிந்தால் எழுதி வைப்பார். பொருளை அறிந்தவர், குளிரறை 20 டிகிரியில் இருப்பதால் இன்று நீர் விழாது, ஆனால் எண் ஏறிக்கொண்டே போகிறது, வாரம் முடியும் முன் கண்டென்சரைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பார். இரண்டாமவரை உருவாக்க ஒரு பிற்பகல் பயிற்சி போதும், அவருக்குத் தெரிந்த மொழியில் நடத்தினால்.

‘ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதே’ என்பது வழக்கமான மறுமொழி. ஒப்பந்தம் தேவைதான், ஆனால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. அவர் வந்துபோன மறுநாள் அடைபடும் டிரெயின் அடுத்த வருகை வரை அடைபட்டே கிடக்கும். மேலும், கருவிக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் கருவியின் பின்புறக் காற்றிணைப்போடு முடிந்துவிடுகிறது. அந்த இணைப்பு வரை தரமான காற்றைக் கொண்டுவருவது வாங்கியவரின் பொறுப்பு என்பது நிறுவல் நிபந்தனைகளில் வழக்கமாக இடம்பெறும் வரி. நீர் புகுந்து கெட்ட பாகத்துக்கு உத்தரவாதம் கேட்கும்போதுதான் அந்த வரி பலருக்குக் கண்ணில் படுகிறது.

‘ஆய்வு மாணவர்களே பார்த்துக்கொள்ளட்டும், கற்றுக்கொள்வார்கள்’ என்பது இன்னொரு மறுமொழி. கற்றுக்கொள்வது நல்லது. தாம் பயன்படுத்தும் கருவிக்குள் என்ன காற்று வருகிறது என்று அறியாத ஆய்வாளர் தம் முறையியலில் பாதியை அறியாதவர். ஆனால் கற்றுக்கொள்வதும் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை, இளநிலை இரண்டு ஆண்டும் முதுநிலை மூன்று ஆண்டுமாக மொத்தம் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். மாணவர் போவார், டிரையர் இருக்கும். அந்த ஐந்தாண்டில் ஒரு கருவி நான்கு மாதம் நின்றால் அந்த நான்கு மாதத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. நிறுவனத்துக்கு அது ஒரு பழுது. மாணவருக்கு அது தாமதமான ஒரு கட்டுரை, கைநழுவிய ஒரு விண்ணப்பக் கடைசி நாள், உதவித்தொகை இல்லாமல் கழியும் சில மாதங்கள். பழுதின் விலையைக் கொடுப்பவருக்குப் பழுதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதே இதிலுள்ள அநீதி.

‘எல்லாவற்றுக்கும் மைனஸ் 40 டிரையரையே வாங்கிவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. மிகையான உலர்த்தலும் பராமரிப்புச் சிக்கலே. 15 விழுக்காடு காற்றை வெளியேற்றுவதற்காகக் கம்ப்ரசர் கூடுதலாக ஓட வேண்டும், மின்கட்டணம் ஏறும், வால்வுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறித் தேயும். மேசை அதிர்வுத் தடுப்புக்கு 3 டிகிரி போதுமானது. ஒளியியல் கருவியின் உட்புறத்துக்கு அது போதாது. எந்தக் கருவிக்கு எந்தப் பனிநிலை என்று பட்டியலிட்டு, பொதுக் குழாய்க்குக் குளிரூட்டும் டிரையரும் தேவைப்படும் கருவியின் அருகில் மட்டும் சிறிய மணி டிரையரோ சவ்வு டிரையரோ வைப்பதே சிக்கனமும் அறிவும் ஆகும். அந்தப் பட்டியலைப் போடுவதற்கும் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

நிதியின் வழிகளும் இதே திசையில்தான் ஓடி வந்திருக்கின்றன. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகத் துறைகளுக்குக் கருவிகளைத் தந்து வருகிறது. 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளம், நாட்டின் எந்தக் கூடத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று பிற நிறுவனத்தார் தேடிப் பயன்படுத்த வழி செய்தது. 2022இல் வெளியான ஸ்ரீமான் வழிகாட்டு நெறிகளின் பெயரிலேயே பகிர்வுடன் பராமரிப்பும் இடம்பெற்றிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் பெயரில் வந்த பராமரிப்பு கொட்டகை வரை வர வேண்டும். கோடிகளில் கருவி வாங்கும் முன்மொழிவில் காற்று அமைப்புக்கு ஒரு வரி இருக்கும். ஐந்தாண்டு வடிகட்டிகளுக்கும் டிரெயின் உதிரிகளுக்கும் ஈரமானி அளவுத்திருத்தத்துக்கும் வரி இருப்பது அரிது. யானை வாங்கப் பணம் உண்டு, அங்குசம் வாங்கப் பணமில்லை என்று ஊரில் சொல்வது இதைத்தான். இங்கே குறையாக இருப்பது அங்குசம் மட்டுமன்று, பாகனும்தான். கருவிக்கூடங்களின் தொழில்நுட்பப் பணிகள் பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவரிடம் பத்தாண்டு நினைவைக் கேட்க முடியாது.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. ஒவ்வொரு கருவிக்கூடத்திலும் கம்ப்ரசரின் உள்ளிழுப்பு வாயிலிருந்து கருவியின் இணைப்பு வரை உள்ள காற்றுப் பாதை முழுவதற்கும் ஒரே ஒரு பொறுப்பாளரை எழுத்தில் நியமிக்கலாம். அவர் பெயர் கருவியின் கதவில் பொறுப்பாசிரியர் பெயருக்குக் கீழே இருக்கட்டும். டிரையரை நிறுத்திக் கருவிக்குக் காற்றை அடைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். எவ்வளவு அவசரமான மாதிரி காத்திருந்தாலும் சரி. பதிவேட்டில் ‘ஓ.கே.’ எழுத இடமில்லாமல், ஐந்து எண்களுக்குக் கட்டமும், எந்த மொழியிலும் எழுதக்கூடிய ஒரு வெற்று வரியும் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் கோடைக்கு முன் ஒருமுறையும் கண்டென்சரும் டிரெயின்களும் வடிகட்டிகளும் முழுமையாகப் பார்க்கப்படட்டும். ஈரமானியின் அளவுத்திருத்தம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கட்டும். டிரையருக்குப் பின்னால் ஒரு சோதனைக் குழாய் விட்டுவைத்தால், வெள்ளைத் தாளைச் சில நொடிகள் அதன்முன் பிடித்தே நீரும் எண்ணெயும் வருகின்றனவா என்று எவரும் அறியலாம். ஈரமானி வாங்கப் பணம் வரும் வரை அதற்காவது காத்திருக்கத் தேவையில்லை.

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களும் ஒன்று செய்யலாம். கருவியின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதும் முறையியல் பகுதியில், காற்று அளவீட்டைத் தொடும் இடங்களில் அதன் பனிநிலையையும் ஒரு எண்ணாக எழுதலாம். எழுத வேண்டும் என்றால் அளக்க வேண்டிவரும். அளக்க வேண்டும் என்றால் யாராவது கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டிவரும். நன்றியுரையில் நிதி தந்த நிறுவனத்துக்கு அடுத்த வரியில், அந்த எண்ணை மாதக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருந்தவரின் பெயரையும் எழுதலாம். அவர் பெயர் தெரியாது என்றால், கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்தே பராமரிப்பைத் தொடங்கலாம்.